ஒருமுறை மட்டும் மின்னும் புள்ளி

வானத்தைப் படம் பிடித்தால் வானம் மட்டும் விழாது. கேமராவின் சீக்கும் சேர்ந்தே விழும். கெட்டுப்போன புள்ளி ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு நட்சத்திரம் போல நடிக்கும். எங்கிருந்தோ வரும் கதிர்த்துகள் சென்சாரில் மோதி, ஒரே ஒரு படத்தில் மினுங்கிவிட்டு அடுத்த படத்தில் காணாமல் போகும். சூரியன் ஓரத்தில் இருந்தால் லென்சுக்குள் வெளிச்சம் முட்டி மோதி, இல்லாத நிலா ஒன்றை வரைந்து வைக்கும். எது கேமராவின் கோளாறு, எது நிஜமாகவே அங்கே மிதக்கிற பொருள் என்று பிரித்துச் சொல்வதற்காகத் திசையன்விளையில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில், கம்பெனி நாற்பது பெண்களை உட்கார வைத்திருந்தது. பந்தி நடந்த கூடத்தில் மேசைகள். மணமகள் அறையில் சர்வர். ஏசி சர்வருக்கு மட்டும்.

பேச்சியம்மாள் பி.எஸ்சி. இயற்பியல். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அம்மா சுற்றிய பீடியில்தான் அவளுடைய மூன்று வருஷப் படிப்பும் புகைந்து முடிந்தது. படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை இதுதான்: திரையில் ஒரு புள்ளி வரும், கீழே இரண்டு பொத்தான் இருக்கும், 'பொருள்' அல்லது 'கோளாறு'. 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று சேர்ந்த புதிதில் கேட்டாள். "தெரியலைன்னு சொல்லுததுக்காம்மா சம்பளம்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர் ஆறுமுகநயினார். கூடமே சிரித்தது. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அவளுக்குக் கோபம் பொதுவாகவே சீக்கிரம் இறங்காது.

ஒவ்வொரு புள்ளியையும் மூன்று பேர் பார்ப்பார்கள். ஒருத்தி அழுத்தியது மற்றவளுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேர் சொல்வதே தீர்ப்பு. 'பொருள்' என்று தீர்ப்பானால் மேலே இருக்கும் பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு படம் எடுத்தாக வேண்டும். கம்பெனிக்கு அது செலவு. மற்ற இருவரோடு ஒத்துப்போகாதவளுக்கு 'ஒப்பு மார்க்' குறையும். ரொம்பக் குறைந்தால் மறுநாள் காலை கதவு அவள் கைரேகைக்குத் திறக்காது. ஆக, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைவிட மற்ற இரண்டு பேர் எதை அழுத்துவார்கள் என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. அதற்குப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இருமல்.

ஒரு இருமல் என்றால் கோளாறு. இரண்டு என்றால் பொருள்.

பேச்சியின் வலது பக்கம் ரோஸ்லின், இடது பக்கம் மைமூன். மூவரில் மூத்தவள் ரோஸ்லின், கண்ணும் அவளுக்குத்தான் கூர்மை. அவள் இருமுவாள், மற்ற இருவரும் அழுத்துவார்கள். இவர்களின் ஒப்பு மார்க்தான் கூடத்திலேயே அதிகம். கம்பெனி இவர்களுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தது. நயினாருக்கு இருமல் காதில் விழாமல் இல்லை. கூடத்தில் தூசி அதிகம் என்று அவராகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டார்.

அன்று காலையிலிருந்து ரோஸ்லின் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பேச்சி, இன்னைக்கு என்ன இது, பழைய அரிசில புழு கெடந்த மாதிரி இம்புட்டுப் புள்ளி?"

"சூரியப் புயலாம்க்கா. துகள் நெறய வந்து அடிக்கும்லா."

"அதான் நேத்து அவரு லைன்லயே வரல. ஞாயித்துக்கெழம தவறாமப் பேசுத மனுஷன்." ரோஸ்லின் ஒரு இருமல் இருமிவிட்டுச் சொன்னாள். "எல்லாம் ஒத்தப் படத்துல மின்னுத சவம். தொண்டையே போச்சு எனக்கு."

"மிட்டாய் வாங்கித் தாரேன்க்கா, சப்பிக்கிட்டே இருமுங்க" என்றாள் மைமூன். "நிறுத்தி மட்டும் போட்றாதீங்க. போன மாசம் நீங்க லீவுல போனப்ப விழுந்த மார்க்கே எனக்கு இன்னும் ஏறல. இன்னொரு தடவ விழுந்தா வீட்டுல உக்காந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு டீ ஆத்த வேண்டியதுதான்."

ரோஸ்லினின் கணவன் செல்வின் மேலே இருந்தான். பூமியைச் சுற்றும், இதே கம்பெனியின் நிலையத்தில் சூரியத் தகடு மாட்டுகிற ஒப்பந்த வேலை. பெரியதாழைப் பக்கத்து ஆண்கள் முன்பு வளைகுடாவுக்குப் போனார்கள், இப்போது இன்னும் கொஞ்சம் மேலே போகிறார்கள். ஏஜெண்ட் மட்டும் அதே ஏஜெண்ட்.

பேச்சிக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் படங்களை மெஷின் ஒருமுறை கழுவி, தெரிந்த குப்பையை எல்லாம் நீக்கித்தான் அனுப்பும். இன்று பச்சையாக வந்திருந்தன. மேலே 'உடனே' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நேரே நயினாரின் அறைக்குப் போனாள்.

"சார், இன்னைக்கு என்னத்தத் தேடுதோம்?"

"ஒனக்கு எதுக்கும்மா? வந்தத அழுத்து."

"மெஷின நம்பாம எங்கள நம்புதாவன்னா விஷயம் பெருசு. சொல்லுங்க, இல்லன்னா வெளிய போயி எல்லாரு முன்னாடியும் கேப்பேன்."

கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். கதவைச் சாத்தினார்.

"கத்தாத. ஒரு ஆளத் தேடுதாவ. நேத்து தகடு மாட்டுத எடத்துல ஒண்ணு கழண்டு வந்து அடிச்சி, கயிறு அறுந்து போயிட்டானாம். ரேடியோவும் செத்துப்போச்சி. உடுப்புல இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்து இருக்கும். மீட்கப் போற கலம் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் ஒரு நடைக்குத்தான் எரிபொருளு. எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தான் கெளம்பும்."

"எங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா பாக்குத புள்ளியெல்லாம் ஆளாத் தெரியும். விஷயம் தெரியாத கண்ணுதான் சுத்தமான கண்ணு. விதி அப்பிடி."

"ஆளு யாரு?"

"ஒப்பந்த எண்ணுதான் பெருசாப் போட்டிருக்கு." அவர் திரையை எட்டிப் பார்த்தார். "செல்வின். பெரியதாழை."

நயினாருக்கு ரோஸ்லினின் புருஷன் பெயர் தெரியாது. கம்பெனிக்கு, மேலே இருக்கிறவன் ஒரு எண், கீழே இருமுகிறவள் ஒரு மேசை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை. மூன்று பெண்கள் தனித்தனியாகப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் ஒதுக்கியதாக மேலே நம்பிக்கொண்டிருப்பார்கள். ஒதுக்கியது ஒரே ஒரு கண். அதுவும் அவன் பெண்டாட்டியின் கண்.

"சார், கயிறு அறுந்தவன் நேராவா மெதப்பான்? உருண்டுக்கிட்டே போவான். அவன் முகக்கண்ணாடி சூரியனப் பாத்துத் திரும்பும்போது பளிச்சுங்கும், அடுத்த படத்துல இருட்டாயிரும். ஒத்தப் படத்துல மின்னுததெல்லாம் கோளாறுன்னுதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீய? காலைலருந்து அவனத்தான் இருமி இருமி வெளிய தள்ளிட்டிருக்கோம்!"

"இருமியா?" என்றார் நயினார்.

"ஆமா, ஒங்களுக்குத் தெரியாது பாருங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து ஒதுக்கிய புள்ளிகளை எல்லாம் அவள் ஒரே திரையில் கொட்டினாள். உருண்டு போகிறவன் நேர்கோட்டில் போவான், ஒரே சீரான இடைவெளியில் மின்னுவான். அப்படி ஒரு கோடு கிடைத்தால் போதும்.

கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோடும் கிடைத்தது, வேறு திசையில். பிறகு மூன்றாவது. மூன்றும் நேராக இருந்தன, மூன்றிலும் இடைவெளி சீராக இருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. இத்தனை புள்ளி கிடந்தால் எந்தக் கோடும் வரும். முதல் கோட்டைப் பார்த்தால் செல்வின் அதில்தான் இருக்கிறான் என்று தோன்றியது. மூன்றாவதைப் பார்த்தால் அதிலும் இருந்தான். தான் பார்க்கிறோமா, பார்க்க ஆசைப்படுகிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். திரை முழுக்க ஆட்கள்.

"விதி சரிதான் போலிருக்கு சார்" என்றாள். அதைச் சொல்வதற்கே அவளுக்குக் கோபமாக இருந்தது. "எங்கண்ணு கெட்டுப்போச்சு. மூணு கோட்டுலயும் அடுத்து எங்க மின்னணும்னு இப்பவே சொல்லிருதேன். வாற படத்துல அந்த எடங்கள விஷயம் தெரியாத கண்ணு பாக்கட்டும்."

"யாரு கண்ணு?"

கூடத்திலேயே கூர்மையான கண் யாருடையது என்று இருவருக்கும் தெரியும். அந்தக் கண் யாருடைய பெண்டாட்டியின் கண் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

இடத்துக்குத் திரும்பியபோது ரோஸ்லின் டிபன் டப்பாவில் மிச்சமிருந்த பொரித்த மீனை அவள் பக்கம் தள்ளினாள். "தின்னுட்டி. பேயடிச்ச மாதிரி இருக்க."

பேச்சி தின்றாள்.

"யக்கா, இனி இருமாதீங்க. நயினாருக்குச் சந்தேகம் வந்துட்டு. அவங்கவங்க கண்ணுக்குத் தோணுதத அழுத்துவோம்."

"என்னட்டி சொல்லுத!" மைமூன் குரலை உயர்த்தி, பிறகு தாழ்த்தினாள். "எம்மார்க் விழுந்தா நீயா வந்து எங்க வாப்பாகிட்டப் பேசுவ?"

"வந்து பேசுதேன். இன்னைக்கு ஒரு நாளு மட்டும்."

புதுப் படங்கள் வந்தன. பேச்சி மற்ற இருவரும் அழுத்தும்வரை தன் விரலை மடக்கி வைத்துக்கொண்டாள். முதல் கோட்டில் மின்ன வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் ஒரு புள்ளி இருந்தது. இருவரும் கோளாறு என்றார்கள். பேச்சிக்கு அது ஆளாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது கோட்டின் படம் வந்தபோது ரோஸ்லின் முன்னால் சாய்ந்தாள். வழக்கத்தில் இருமப் போய், வாயைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். அழுத்தினாள். அந்தப் பக்கம் மைமூன் நகத்தைக் கடித்துக்கொண்டே அழுத்தினாள்.

பொருள், என்றது திரை.

"நீயுமா?" என்றாள் ரோஸ்லின், மைமூனைப் பார்த்து.

"தோணிச்சி, அழுத்திட்டேன். நீங்க ஏன்க்கா?"

"துகள் அடிச்சா ஊசி குத்துன மாதிரி இருக்கும்லா? இது ஓரத்துல கசியுது. லென்சு வழியா வந்த வெளிச்சம். என்னமோ ஒண்ணு அங்க நெசமா இருக்கு."

தொலைநோக்கி திரும்பிய சிறிது நேரத்தில் நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்தார். "கையும் காலும் தெரியுது! கலம் கெளம்பிட்டு!"

"என்ன சார் கெளம்பிட்டு?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று பேச்சி நினைத்தாள். ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நயினார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியே சுவரோடு சாய்ந்தார். ரோஸ்லின் அழவில்லை. பேச்சியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"மத்தியானம்."

"தெரிஞ்சிக்கிட்டுத்தானா எங்கூட உக்காந்து மீன் தின்ன?"

பேச்சியிடம் பதில் இருந்தது. விதி, சுத்தமான கண், சோதனை. "ஆள் கெடச்சிட்டாருல்லாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

கலம் போய்ச் சேர்ந்து, பிடித்து இழுத்து, உள்ளே எடுத்த செய்தி நயினாரின் போனில் வந்தது. அவர் கேட்டார். மறுபடி கேட்டார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஆளு கெடச்சிட்டான். ஆனா செல்வின் இல்ல."

"பின்ன யாரு?" என்றாள் மைமூன்.

"தெரியலங்காவ. உடுப்பு நம்ம கம்பெனி உடுப்புதான். எண்ணு வெயில்ல வெளுத்துப் போச்சாம். செத்து ரொம்ப நாளு ஆயிட்டாம். அப்பிடி ஒருத்தன் காணாமப் போனதாக் கணக்குலயே இல்லங்காவ. மேல போனவங்க எல்லாரும் இருக்காவ, இல்லன்னா ஊருக்குத் திரும்பிட்டாவன்னு சொல்லுதாவ."

கோடு சரி. இடைவெளி சரி. அங்கே ஒருவன் இருந்தது சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஆள் மாறிவிட்டான். அவன் எத்தனை நாளாக நிலையத்தை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தான்? எத்தனை தடவை மின்னியிருப்பான்? அத்தனை தடவையும் இந்தக் கூடத்தில் யாரோ ஒருத்தி இருமியிருக்கிறாள். அவன் உயிரோடு இருந்து மின்னிய நாளிலும்.

"ஒரு நடை எரிபொருளு அவ்வளவுதானே" என்றாள் ரோஸ்லின். அவள் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. "இனி எம்புருஷனுக்கு?"

நயினார் அவளைப் பார்க்காமல் பேசினார். "பக்கத்து நெலயத்துக்காரன்கிட்ட மூணு கலம் நிக்கி. கேட்டா உடனே வந்து எல்லாப் பக்கமும் தேடுவான்."

"காலைலயே கேட்டிருக்கலாம்லா!" பேச்சி மேசையில் அடித்தாள்.

"கேட்டா வாடகை. கம்பெனிக்குப் பேரும் கெட்டுப்போகும். இப்ப கேக்கச் சம்மதிச்சிட்டாவ. ஆனா ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "கணக்குல இல்லாத பிணம் கெடச்சதாப் பதிவானா விசாரணை. விசாரணைன்னா எல்லாக் கலமும் நின்ன எடத்துல நிக்கணும்னு சட்டம். சாயங்காலம் தாண்டிரும். அதான் அந்தப் புள்ளிய ஒங்க மூணு பேருக்கும் திருப்பி அனுப்பிருக்காவ. ரெண்டு பேரு கோளாறுன்னு மாத்திட்டா, அங்க ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும். நம்ம கலம் சும்மா போயிட்டு வந்தது."

"உள்ள கெடக்குத ஆள என்ன செய்வானுவ?" என்றாள் பேச்சி.

அவர் தரையைப் பார்த்தார்.

"வாய்ல என்ன சார், சொல்லுங்க. திருப்பி வெளிய தள்ளிருவானுவளா?"

"என்னையக் கேக்காதம்மா. எனக்கு அதுக்கு மேல தெரியாது. தெரிஞ்சிக்கவும் பயமா இருக்கு."

மூன்று திரையிலும் அதே புள்ளி வந்து நின்றது. ஓரத்தில் லேசாகக் கசிகிற வெளிச்சம். ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, நீ யாரு பெத்த பிள்ளையோ" என்று அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொன்னாள். "என்னைய மன்னிச்சிரு." கோளாறு என்று அழுத்தினாள்.

மைமூன் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி என்ன சொல்லியிருந்தாலும் அது சரியாக இருந்திருக்காது. உயிரோடு இருப்பவனுக்காகச் செத்தவனை அழிக்கலாமா என்று ஒரு மனது கேட்டது. செத்தவனுக்காக உயிரோடு இருப்பவனைச் சாக விடலாமா என்று அதே மனது உடனே கேட்டது. மைமூன் அழுத்தினாள். கோளாறு. தீர்ப்பு வந்துவிட்டது. நயினார் போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பேச்சியின் திரையில் மட்டும் இரண்டு பொத்தானும் இன்னும் காத்துக்கொண்டிருந்தன.

"நீயும் அதையே அழுத்திருட்டி" என்றாள் ரோஸ்லின். "ரெண்டு பேரு சொல்லியாச்சி. ஒன் மார்க் எதுக்குப் போவணும்?"

பேச்சி 'பொருள்' என்று அழுத்தினாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் செய்தி வந்தது. மூன்று கலங்களில் ஒன்று செல்வினைக் கண்டுபிடித்துவிட்டது. மயக்கத்தில் இருந்தான், ஆனால் மூச்சு இருந்தது. அவன் போன திசை பேச்சி போட்ட எந்தக் கோட்டிலும் இல்லை. ரோஸ்லின் கல்யாண மண்டபத்து மொசைக் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூடத்துப் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ கடைக்கு ஓடி அல்வா வாங்கி வந்தார்கள். ரோஸ்லின் எழுந்து வந்து பேச்சியைக் கட்டிக்கொண்டாள். பேச்சியும் கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் கோபம் கொதித்தது. அதை ரோஸ்லின்மேல் காட்ட முடியாது. கம்பெனிமேல் காட்டலாம் என்றால், காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? அங்கே ஒன்றுமே இல்லை என்று பதிவாகிவிட்டது. அல்வாவை வாயில் போட்டாள். இனித்தது. அதுவும் அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

மாசக் கடைசியில் எல்லாருடைய மார்க்கும் வந்தது. நயினார் அவளைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். பேச்சியின் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு வரி: மற்ற இருவரும் கோளாறு என்று கண்ட இடத்தில் பொருள் என்று பதிந்தது, தவறு ஒன்று.

"மேல பேசி இத எடுத்து விட்டுரட்டுமா?" என்று கேட்டார். "என்னால முடியும். ஒன் நல்லதுக்குத்தான் கேக்கேன்."

"வேண்டாம் சார். அது கெடக்கட்டும்."

"மார்க்க இழுத்துட்டுப் போவும்மா. இன்னொண்ணு விழுந்தா கதவு தெறக்காது."

"தெறக்காட்டா வெளிய நின்னு கத்துதேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே திரையை மூடினார். பேச்சி தன் மேசைக்குப் போனாள். எண் வெளுத்துப்போன அந்த ஆள் எந்த ஊர், என்ன பெயர், வீட்டில் யார் இருக்கிறார்கள், அவன் திரும்பி வந்துவிட்டதாக அவர்களிடம் யார் போய்ச் சொன்னார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருப்பது அவள் பெயரில் உள்ள அந்த ஒரு தவறுதான்.